பாஷை தெரியாத தேசமும் தரகன் நாக்கும்

(தொழிலாளர் வாசகசாலையொன்றில் நடந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று இக்கூட்டத்தில் நான் பேச வேண்டுமென்று குறிப்பிடப்பட்டிருக்கும் விஷயமானது, பாஷை தெரியாத தேசத்திற்குப் பிரயாணம் போவதைப் பற்றியதாகும். இதைப்பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை இருக்கின்றதென்று உங்களில் யாராவது கேட்கலாம். நான் பல பாஷை கற்ற பண்டிதனல்ல. பள்ளிக்கூடத்தில் நான் படித்தது சொற்பமேயாகும். ஆனால் வெளிதேசம் போய்த் திரும்பி வந்த கொத்தனார்கள், டிரைவர்கள், சமையல்காரர்கள், வீட்டு வேலைக்குப் போன பெண்கள் ஆகிய எத்தனையோ பேரை உட்கார வைத்துக் கேட்டும், கையில் அகப்பட்ட புத்தகங்களைப் படித்தும் நான் தெரிந்துகொண்டவற்றையே இங்கு சொல்லப் போகிறேன். இவற்றை உங்கள் சொந்த அறிவைக் கொண்டு உரசிப் பார்த்து, சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

பழைய தடையும் புதிய தடையும்

தோழர்களே! முற்காலத்தில் கடல் தாண்டிப் போகக் கூடாது என்பதற்குச் சாஸ்திரத்தைக் காட்டினார்கள். கப்பல் ஏறினால் ஜாதி போய்விடும் என்றார்கள். கணித மேதையான ராமானுஜம்கூட 1914-ம் வருஷம் இங்கிலாந்துக்குப் புறப்படுவதற்கு முன் இத்தடையைக் கண்டு தயங்க வேண்டியிருந்தது. இன்று அந்தத் தடையைச் சொல்லுவார் இல்லை. சாஸ்திரம் பேசின குடும்பங்களின் பிள்ளைகளே முதல் விமானத்தில் போய்விட்டார்கள். இப்போது மிச்சமிருப்பது வேறொரு தடை. "அங்கே போனால் என்ன பாஷை பேசுவாய்? உனக்கு இங்கிலீஷாவது தெரியுமா?" என்று ஏழையைப் பார்த்து ஏளனமாய்க் கேட்கிறார்களே, அதுதான் அது.

பாஷை தெரியாமல் வெளிதேசம் போவது ஏதோ புதிய துணிச்சல் என்று நினைப்பது சரித்திரம் தெரியாமையேயாகும். 1860-ம் வருஷம் சென்னையிலிருந்து புறப்பட்ட "ட்ரூரோ" என்ற கப்பல் 342 பேரைச் சுமந்துகொண்டு நவம்பர் மாதம் 16-ந் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்கப் போன அவர்கள் ஜூலு பாஷை படித்துவிட்டா போனார்கள்? மலாயாவின் ரப்பர்க் காட்டிற்கும், இலங்கையின் தேயிலை மலைக்கும், மொரீஷியஸுக்கும், பீஜித் தீவுக்கும் போன நம் ஜனங்கள் இலக்கணம் கற்றுக்கொண்டா கப்பல் ஏறினார்கள்? வயிறு போகச் சொல்லிற்று, போனார்கள். ஆகவே, பாஷை தெரியாமல் போகலாமா கூடாதா என்பது இங்கே கேள்வியே அல்ல. ஜனங்கள் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். போன இடத்தில் அவர்களுக்கு நாக்காக இருப்பது யார் என்பதுதான் கேள்வி.

வாயில்லாமல் பேசுவது

முதலில் நல்ல பக்கத்தைச் சொல்லி விடுகிறேன். மனிதனுக்கு வேண்டியவைகளில் பெரும்பாகம் வாய் திறக்காமலே கிடைத்துவிடும். பசிக்கிறது என்பதற்கு எந்தத் தேசத்தில் வியாகரணம் வேண்டும்? ஜப்பானில் சாப்பாட்டுக் கடைகளின் கண்ணாடிக்குள் ஒவ்வொரு பதார்த்தத்தையும் அச்சு அசலாக பொம்மை செய்து, விலையும் எழுதி வைத்திருக்கிறார்கள். விரலால் காட்டினால் சாப்பாடு வந்துவிடும். 1964-ம் வருஷம் அந்நாட்டுத் தலைநகரான டோக்கியோவில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தபோது, உலகத்தின் பல பாகங்களிலிருந்தும் வருகிறவர்களுக்கு ஜப்பானிய எழுத்து தெரியாதே என்று யோசித்து, ஒவ்வொரு விளையாட்டுக்கும், கக்கூசுக்கும், டெலிபோனுக்கும் சின்னச் சின்னப் படங்களாகப் போட்டு வைத்தார்கள். இன்று எந்த விமான நிலையத்திலும் நாம் காணும் படக்குறிகளுக்கு அந்த ஏற்பாடு ஒரு பெரிய வழிகாட்டியாகும். அதற்கும் முன்னாலேயே ஆஸ்திரிய தேசத்து வியன்னா நகரத்தில் ஓட்டோ நாய்ராத் என்ற அறிஞர், படிக்காத தொழிலாளியும் கணக்கு வழக்குகளைப் படத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டுமென்று முயன்று, அதற்கென்று ஒரு படமுறையையே உண்டாக்கினார்.

மெக்ஸிகோ நகரத்தில் 1969-ம் வருஷம் சுரங்க ரயில் ஓட ஆரம்பித்தபோது ஸ்டேஷனுக்கு ஒரு படம் வைத்தார்கள். எழுத்து தெரியாதவனும் படத்தைப் பார்த்து இறங்கிக்கொள்ளலாம். இது நமக்கு ஆச்சரியமல்ல. 1951-52-ல் நடந்த நம் முதல் பொதுத் தேர்தலிலேயே எழுத்தறியாத ஜனங்கள் சின்னத்தைப் பார்த்து ஓட்டுப் போட்டார்களல்லவா? எழுதப் படிக்கத் தெரியாதவனுக்குச் செய்த சவுகரியம் பாஷை தெரியாத அந்நியனுக்கும் உதவுகிறது. பலவீனமானவனை உத்தேசித்துச் செய்யும் ஏற்பாடு எல்லோருக்கும் ஏற்பாடாகி விடுகிறது என்பதை இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜாடையை நம்பினால்

நிற்க, கைஜாடையும் தலையசைப்பும் உலகப் பொதுப் பாஷை என்று சிலர் சொல்லுவதைக் கேட்டிருப்பீர்கள். இது பாதி உண்மையேயாகும். பல்கேரியா தேசத்தில் தலையை மேலும் கீழும் அசைத்தால் "இல்லை" என்று அர்த்தம். பக்கவாட்டில் அசைத்தால் "ஆம்" என்று அர்த்தம். கிரேக்க தேசத்தில் "நே" என்றால் "ஆம்". இங்கிலீஷ் தெரிந்தவர் காதில் அது "நோ" என்பதுபோல் விழுந்து, வேண்டாம் என்கிறாராக்கும் என்று திரும்பிப் போய்விடுவார். கட்டை விரலை உயர்த்திக் காட்டுவது நமக்குச் சபாஷ். ஈரான் தேசத்துப் பழைய வழக்கத்தில் அது வசவு. நாம் தலையை இரு தோளுக்கும் மாற்றி மாற்றி ஆட்டுகிறோமே, அது ஆமா இல்லையா என்று தெரியாமல் வெள்ளைக்காரர்கள் இன்றும் திகைக்கிறார்கள்.

இலக்கமாவது பொதுவல்லவா என்பீர்கள். எகிப்து முதலிய அரபு தேசங்களில் எழுதும் இலக்கங்களைப் பாருங்கள். அங்கே நம் பூஜ்யத்தைப் போலிருக்கும் வட்டத்துக்கு ஐந்து என்று பெயர். பூஜ்யத்துக்கு வெறும் புள்ளிதான். நம் ஏழைப்போலிருப்பது அங்கே ஆறு. புதிதாய்ப் போனவன் விலைச்சீட்டில் ஐம்பத்தைந்தைப் பார்த்தால், இரண்டு பூஜ்யம் போட்டிருக்கிறார்கள், இனாம்தான் போலிருக்கிறது என்று நினைத்துக் கொள்ளலாம்!

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். அர்த்தம் மாறினால் ஒரு வேளை சாப்பாடு மாறும். ஒரு ஸ்டேஷன் தள்ளி இறங்குவோம். ஆனால் ஆஸ்பத்திரியிலும், போலீசிலும், கோர்ட்டிலும், காகிதத்தில் கையெழுத்துப் போடும் இடத்திலும் விஷயம் அப்படியல்ல. அங்கே ஜாடை செல்லாது.

பத்து மணி நேரம்

கனடா தேசத்து வான்கூவர் விமான நிலையத்தில் 2007-ம் வருஷம் அக்டோபர் மாதம் நடந்ததைச் சொல்லுகிறேன். ராபர்ட் ஜெகான்ஸ்கி என்ற போலந்து தேசத்துத் தொழிலாளி, நாற்பது வயதுக்காரர், தம் தாயாருடன் வாழ்வதற்காக அங்கே வந்து இறங்கினார். அதற்கு முன் அவர் விமானம் ஏறினவரல்ல. போலந்து பாஷையைத் தவிர இங்கிலீஷில் ஒரு வார்த்தை தெரியாது. பகல் மூன்று மணிக்கு மேல் இறங்கினவர், எந்த வழியாக வெளியே போவது என்று தெரியாமல் உள்ளேயே பல மணி நேரம் சுற்றிக்கொண்டிருந்தார். அவருடைய தாயாரோ சுவருக்கு அந்தப்புறத்தில் மணிக்கணக்காய்க் காத்திருந்தார். கடைசியில், அப்படி ஒருவரும் இங்கே இல்லையென்று சொல்லப்பட்டு, தாயார் வீட்டுக்குத் திரும்பினார். நடுநிசிக்கு மேல் களைப்பும் கலக்கமும் தாங்க முடியாமல் அவர் நாற்காலியை எடுத்து வைத்தும் சாமான்களை வீசியும் அமர்க்களம் செய்தார். நான்கு போலீசார் வந்தார்கள். வந்த அரை நிமிஷத்துக்குள் மின்சாரத் துப்பாக்கியால் சுட்டார்கள். ஐந்து தடவை மின்சாரம் பாய்ந்தது. அங்கேயே இறந்தார்.

விசாரணைக் கமிஷன் வைத்து, அந்த மின்சாரத் துப்பாக்கியை உபயோகித்தது நியாயமல்ல என்று 2010-ல் முடிவு சொன்னார்கள். விசாரணையில் பொய் சொன்னதற்காகப் பிறகு இரண்டு போலீசார் தண்டனையும் அடைந்தார்கள். எல்லாம் சரிதான். ஆனால் தோழர்களே, சற்று யோசித்துப் பாருங்கள். அவ்வளவு பெரிய விமான நிலையத்தில், பணத்திலும் படிப்பிலும் குறைவில்லாத ஒரு தேசத்தில், பத்து மணி நேரத்தில் போலந்து பாஷை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்பதற்கு யாருக்கும் தோன்றவில்லை. அவரைக் கொன்றது அவருடைய அறியாமையா, அல்லது அறிந்தவர்களின் அலட்சியமா?

மற்றொன்று. 1980-ம் வருஷம் அமெரிக்காவின் பிளாரிடா மாகாணத்தில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவனை நினைவு தப்பிய நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். குடும்பத்தார் பேசுவது ஸ்பானிஷ் பாஷை. அவன் ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்ற பொருளில் "இண்டாக்ஸிகாடோ" என்று சொன்னார்கள். டாக்டர்கள் காதில் அது, போதை மருந்து தின்றுவிட்டான் என்று அர்த்தமாகும் இங்கிலீஷ் வார்த்தையாக விழுந்தது. இரண்டு நாளைக்கு மேல் அதற்கே வைத்தியம் செய்தார்கள். உண்மையில் மூளையில் ரத்தக்கசிவு. பையனுக்குக் கை கால்கள் செயலற்றுப் போயின. பின்னால் 7 கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு ஏற்பட்டது. ஒரு மொழிபெயர்ப்பாளருக்குக் கூலி கொடுப்பதைவிட இது மலிவா?

தரகன்

சரி, இப்படி நடுவில் ஒருவன் நின்று பேசினால் எல்லாம் தீர்ந்துபோகுமா என்றால், அங்கேதான் அடுத்த ஆபத்து இருக்கிறது. இவனுக்கு அவன் பாஷை தெரியாது, அவனுக்கு இவன் பாஷை தெரியாது, இரண்டும் தெரிந்தவன் நடுவில் ஒருவன் என்றால், அந்த நடுவிலிருப்பவன் நினைத்ததுதான் சட்டம். ஜனங்களுக்குப் புரியாத பாஷையில் மந்திரம் சொல்லித் தட்சணை வாங்குகிறவன் கதையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே வியாபாரம்தான் இதுவும்.

மலாயாவிலும் இலங்கையிலும் கங்காணி என்றொருவன் இருந்தான். ஆள் பிடித்துக் கொண்டுபோவதும் அவனே. துரைக்கும் கூலிக்கும் நடுவில் பேசுவதும் அவனே. முன்பணம் கொடுத்துக் கணக்கு வைப்பதும் அவனே. தலைக்கு இவ்வளவு என்று தோட்டத்தில் வாங்கிக்கொள்வதும் அவனே. இலங்கைத் தோட்டங்களில் "துண்டு" என்ற ஒரு முறை இருந்தது. இன்ன கங்காணியின் ஆட்களுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விட்டுவிடுகிறோம் என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் துண்டு. வேறு தோட்டக்காரன் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வான். ஆள் மாறும், கடன் மாறாது, கூடவே போகும். அந்தக் கணக்கை வாசித்து, இது சரியா தப்பா என்று கேட்கக்கூடிய கூலி எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? 1921-ல்தான் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

கங்காணி போய்விட்டான். ஆனால் அவன் நாற்காலி காலியாகவில்லை. இன்று அதில் ஏஜண்டு உட்கார்ந்திருக்கிறான். எங்கள் பக்கத்து வாலிபர் ஒருவர் வெல்டிங் வேலை என்று சொல்லி வளைகுடா தேசம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டார். இங்கே காட்டின காகிதம் ஒன்று. அங்கே போய் இறங்கினதும் நீட்டின அரபுக் காகிதம் வேறொன்று. "என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டதற்கு, "எல்லாம் பேசினபடிதான்" என்று உடனிருந்தவன் சொன்னானாம். கையெழுத்துப் போட்டார். மாதம் முடிந்த பிறகுதான் அது மூட்டை தூக்கும் வேலைக்கு, பேசின சம்பளத்தில் பாதிக்கு எழுதிய காகிதம் என்று தெரிந்தது. இதை ஒருவர் கதையென்று நினைக்காதீர்கள். இக்கூட்டத்திலேயே தலையசைக்கிறவர்கள் பலர் இருப்பதை நான் பார்க்கிறேன்.

இதற்கு மருந்து இல்லையா என்றால் இருக்கிறது. ஐக்கிய அரபு எமிரேட்ஸ் சர்க்கார் 2016-ம் வருஷ முதல், வேலைக்கு எடுக்கும் காகிதம் அரபிலும் இங்கிலீஷிலும் மட்டுமல்லாமல் தொழிலாளிக்குத் தெரிந்த மூன்றாவது பாஷையிலும் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தது. அதற்காகக் குறிப்பிட்ட பாஷைகளில் தமிழும் ஒன்று. இது யாருடைய கருணையினாலும் வந்ததல்ல. ஏமாந்தவர்கள் லட்சக்கணக்கில் கூச்சல் போட்டதன் பலனேயாகும். ஆனால் உரிமை காகிதத்தில் இருந்தால் போதாது. "என் பாஷையில் கொடு" என்று கேட்கிற வாய் வேண்டும்.

இயந்திரம் வந்துவிட்டதே!

இனி, "இதெல்லாம் பழங்கதை, கையிலுள்ள போனே மொழிபெயர்க்கிறதே" என்று வாலிபர்கள் சொல்லுவார்கள். நான் அதை வேண்டாமென்று சொல்ல வரவில்லை. மனித அறிவு கண்டுபிடித்த எதையும் வெறுக்க வேண்டியதில்லை. கூகுள் மொழிபெயர்ப்பில் 2011-ல் தமிழும் சேர்ந்தது. இன்று பலகையைப் படம் பிடித்தால் அர்த்தம் வருகிறது. கடைத்தெருவில் இதற்கு மேல் தோழன் கிடையாது.

ஆனால் இயந்திரத்தையும் சாமியாக்கி விடாதீர்கள். 2017-ம் வருஷம் பாலஸ்தீன தேசத்துக் கட்டடத் தொழிலாளி ஒருவர், மண்வாரி இயந்திரத்தின்மேல் சாய்ந்து நிற்கும் தம் படத்தை பேஸ்புக்கில் போட்டு, அரபில் காலை வந்தனம் என்று எழுதினார். இயந்திரம் அதை ஹீப்ரு பாஷையில் "அவர்களைத் தாக்கு" என்று மொழிபெயர்த்தது. இஸ்ரேல் போலீசார் அவரைக் கைது செய்து மணிக்கணக்காய் வைத்திருந்து பிறகு விட்டார்கள். அரபு தெரிந்த ஒருவரிடம் காட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிகிற விஷயம். ஆகவே வழி கேட்பதற்கும் விலை கேட்பதற்கும் இயந்திரம் போதும். கையெழுத்துக்கும், மருந்துக்கும், வாக்குமூலத்துக்கும் மனிதன் வேண்டும். அதுவும் நமக்கு வேண்டிய மனிதன் வேண்டும்.

செய்ய வேண்டியது

தோழர்களே! நான் சொல்லுவது சுலபமான காரியங்களேயாகும்.

போகிற தேசத்து பாஷையில் இருபது வார்த்தைகளும், பத்து வரை எண்ணிக்கையும் கற்றுக்கொள்ளுங்கள். தண்ணீர், சோறு, வலி, உதவி, எவ்வளவு, எங்கே, வேண்டாம், தெரியவில்லை. இவைகளே போதும் ஆரம்பத்துக்கு. ஒரு வாரத்தில் எவருக்கும் வரும்.

உங்கள் பெயர், ஊர், இருக்கும் வீட்டு விலாசம், சாப்பிடும் மருந்து, ஒத்துக்கொள்ளாத மருந்து, யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பவைகளை அந்தத் தேசத்து எழுத்தில் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். போனில் மட்டும் வைத்தால், போன் அணைந்தபோது நீங்களும் ஊமையாகி விடுவீர்கள்.

பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். நம் தேசத்து 1967-ம் வருஷத்துச் சட்டப்படி அது இந்திய சர்க்காருடைய சொத்து. முதலாளி பெட்டியில் வைத்துப் பூட்டுவதற்கு அது அவன் தகப்பன் வீட்டுச் சொத்தல்ல.

போலீசார் பிடித்தால் நம் தேசத்துத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேளுங்கள். 1963-ம் வருஷத்து வியன்னா உடன்படிக்கை அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. குற்றம் இன்னதென்று தெரிந்த பாஷையில் சொல்ல வேண்டும், கோர்ட்டில் கூலியில்லாமல் மொழிபெயர்ப்பாளர் கொடுக்க வேண்டும் என்று 1966-ம் வருஷத்து ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை ஒன்று சொல்லுகிறது. அதை ஏற்றுக்கொண்ட தேசங்களில் கேட்டு வாங்கலாம்.

எல்லாவற்றிற்கும் மேலாக, புரியாததற்குத் தலையாட்டாதீர்கள்! நம் ஜனங்களுக்குள்ள பெரிய வியாதி இதுதான். புரியவில்லை என்று சொன்னால் கௌரவம் குறைந்துவிடும் என்று வெட்கப்பட்டு ஆமாஞ்சாமி போட்டுவிடுகிறோம். தலைமுறை தலைமுறையாக நமக்குப் பெரியவன் எதிரில் கேள்வி கேட்கக் கூடாது என்று பழக்கி வைத்த புத்தி அது. "எனக்குத் தெரியவில்லை, தெரிந்தவரைக் கூப்பிடு" என்று சொல்லுவதில் அவமானம் என்ன இருக்கிறது? பாஷை என்பது மனிதன் மனிதனோடு பழகுவதற்கு உண்டாக்கிக்கொண்ட கருவி. ஒரு கருவி நம் கையில் இல்லாமலிருப்பது குற்றமல்ல. இல்லாததை இருப்பதாகக் காட்டிக்கொள்ளுவதுதான் குழியில் தள்ளும்.

நம் ஊர் வாசலில்

கடைசியாக ஒரு வார்த்தை. இதுவரை நாம் போகிறவர்களைப் பற்றிப் பேசினோம். வருகிறவர்களைப் பற்றியும் பேச வேண்டாமா? பீகாரிலிருந்தும், ஒரிசாவிலிருந்தும், ஜார்க்கண்டிலிருந்தும் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கும், சென்னைக் கட்டட வேலைக்கும், ஓட்டல்களுக்கும் வந்திருக்கிற வாலிபர்களுக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்கு நம் ஊர்தான் துபாய். நம் ஊர் மேஸ்திரிதான் அவர்களுக்குக் கங்காணி. 2023-ம் வருஷம் மார்ச்சு மாதம், தமிழ்நாட்டில் வடநாட்டுத் தொழிலாளர்களை அடித்துக் கொல்லுகிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பினார்கள். அது பொய்யென்று சர்க்கார் விளக்கியும், எத்தனையோ பேர் பயந்து நடுங்கினார்கள். பக்கத்து அறையில் இருக்கும் தமிழனிடம் "இது உண்மையா?" என்று கேட்கப் பாஷை இருந்திருந்தால் அந்தப் புரளி ஒரு நாள் நிற்குமா?

ஆகையால், வான்கூவரில் அந்தப் போலந்துக்காரருக்கு நடந்ததைக் கேட்டு இப்போது "ஐயோ" என்றீர்களே, அந்த "ஐயோ" உண்மையானால், நாளைக் காலையில் உங்கள் ஊர் ஆஸ்பத்திரி வாசலில் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருக்கும் இந்திக்காரப் பையனைப் பார்த்துப் பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள். அவன் கையைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சரியான கதவண்டை விடுங்கள். நம் பிள்ளை எங்கோ ஒரு கதவண்டை இப்படித்தான் நின்றுகொண்டிருப்பான்.